மன்னார்க் கரையிற் பெயரும் பதிவேடும்

நேயர்களே, இன்றைய பேச்சுக்கு ஒரு சாரதி அனுமதிப்பத்திரமே காரணமாயிற்று. மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் முதலாம் வகுப்பிற் படித்த ஒருவர் பாடசாலைக்கு வந்து, அலுவலக வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் இப்பொழுது பேசாலையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி ஓட்டுகிறார். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் தவணை நெருங்கியிருந்தது. அத்தோடு அதிலுள்ள பெயரையும் திருத்திவிட வேண்டுமென்று எண்ணியிருந்தார். அவருடைய உண்மைப் பெயரை வானொலியிற் கூறுதல் முறையன்று. அதே வகையான வேறொரு பெயரைக் கொண்டு கூறுகிறேன். அனுமதிப்பத்திரத்தில் அவர் வஸ்தியாம்பிள்ளை. பிறப்புப் பதிவில் செபஸ்தியான்.

"சேர், பழைய சேர்வு இடாப்பை ஒருக்கால் பார்க்க ஏலுமோ?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தோம். 1994ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துப் பக்கத்தில், நீல மையில், வஸ்தியாம்பிள்ளை என்று எழுதப்பட்டிருந்தது. எழுத்து என்னுடையது.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நான் ஆசிரியப் பணியில் அமர்ந்து ஓராண்டும் ஆகவில்லை. 1990இல் ஊரைவிட்டு ஓடி மடுக்கோயிலைச் சூழ்ந்த காட்டில் தங்கியிருந்து மீண்ட குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்க வந்துகொண்டிருந்தன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டால், "எல்லாம் போட்டுது, வாத்தியார்" என்பார்கள். இப்பிள்ளையின் தாயிடம் பெயரைக் கேட்டேன். "வஸ்தி" என்றார். நான் அறிந்த வஸ்திகள் அனைவரும் வஸ்தியாம்பிள்ளைகளாகவே இருந்தமையால், மேலும் கேளாமல் அவ்வாறே முற்றாக்கினேன். பிறந்த நாளைக் கேட்டேன். "மடு ஆவணித் திருநாளுக்கு முந்தி" என்றார். ஆகஸ்ட் 15க்கு முந்திய நாட்களில் எதை எடுப்பது? 1988 ஆகஸ்ட் 1 என்று போட்டேன். அரை நிமிடத்து வேலை.

இதை வெறுமனே ஓர் இளம் ஆசிரியரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். ஆயின் மன்னார்த் தீவிலும் அதற்கெதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் மனிதருடைய பெயரை அவரல்லாத ஒருவர் ஏட்டில் எழுதி முற்றாக்குவது, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் காரியம். அதைச் சிறிது விரித்துக் கூறவே விழைகிறேன்.

1544ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவர் மன்னாரில் ஞானஸ்நானம் கொடுத்தார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையால் அம்மக்கள் கொலையுண்டனர். ஏறத்தாழ 600 பேர் என்பது மரபு. தோட்டவெளியில் அவர்களை நினைவுகூரும் ஆலயம் இருக்கிறது. புதிய பெயரைப் பெற்ற சில மாதங்களுக்குள் அப்பெயருக்காகவே மாண்டவர்களை, வரலாற்று நூல்கள் எண்ணிக்கையாகவே கூறிச் செல்கின்றன. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். முத்துக்குளித்துறையிலிருந்து பரதவர் பலரை இங்கே குடியேற்றினர். அன்று தொடங்கிப் பறங்கியருடைய அர்ச்சிட்டர் பெயர்கள் நம் கரையில் இறங்கின.

இறங்கியவை இறங்கியபடியே நிற்கவில்லை. தமிழ் வாய் அவற்றைத் தன் வசமாக்கிக் கொண்டது. சந்தியாகோ என்பவர் சந்தியாகு ஆனார். யோசேப்பைக் குறிக்கும் ஜொசே என்னும் போர்த்துக்கேயச் சொல் சூசை ஆயிற்று. அருளப்பரைக் குறிக்கும் ஜுவாம் என்னும் பெயரோடு பிள்ளை சேர்ந்து சுவாம்பிள்ளை பிறந்தது. செபஸ்தியான் முதலெழுத்துக்களை இழந்து வஸ்தியான் ஆகி, பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு வஸ்தியாம்பிள்ளை ஆனார். குரூஸ் முதலிய குடும்பப் பெயர்கள் மட்டும் பெரும்பாலும் உருக்கெடாமல் நின்றன. வேறு சில ஒலியால் வாராமல் பொருளால் வந்தன: இராயப்பு, சின்னப்பு, செபமாலை என்பவை அவ்வகை. இவற்றைப் பிறமொழிப் பெயர்கள் என்று இன்று யார் கூறுவர்? பேசாலையிலும் வங்காலையிலும் சூசை என்பது வேம்பு, பனை என்பவை போலத் தமிழ்ச் சொல்லே. அக்காலத்தில் மன்னாரிலும் பணியாற்றிய அண்டிரிக்கி அடிகளார் 1578இல் தம்பிரான் வணக்கத்தையும், 1586இல் அர்ச்சிட்டர் வரலாறுகளையும் தமிழில் அச்சேற்றினார். அதனால் இப்பெயர்களிற் பல அச்சுத்தமிழின் முதற் பருவத்திலேயே தமிழெழுத்தைப் பெற்றுவிட்டன.

ஆகவே செபஸ்தியானும் வஸ்தியாம்பிள்ளையும் ஒரே பெயரே. மொழி வரலாறு கற்றவன் அப்படிச் சொல்லிவிடுவான். பதிவேடு அப்படிச் சொல்லாது.

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். மன்னார் அவர்களுடைய யாழ்ப்பாணப்பட்டின நிருவாகத்தின் கீழ் இருந்தது. தோம்பு என்னும் சொல்லைப் பறங்கியரிடமிருந்து பெற்ற அவர்கள், தோம்பு எழுதும் தொழிலைப் பறங்கியரினும் கண்டிப்பாக நடத்தினர். காணிக்கு ஒரு தோம்பு, தலைக்கு ஒரு தோம்பு. இவற்றுக்கு மேலாகப் பள்ளித் தோம்பு என்று ஒன்றும் இருந்தது. ஊர்தோறும் அமைத்த பள்ளியில், உபாத்தியாயராக இருந்த தமிழர் பிள்ளைகளுக்கு எழுத்தும் சமய வினாவிடையும் கற்பித்ததோடு, அவ்வூரின் ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் அத்தோம்பிற் பதிந்தார். அதாவது அக்காலத்துப் பதிவுகாரர் பள்ளிக்கூடத்து வாத்தியாரே. இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிறிது பெருமையாக இருந்தது; அந்த நீல மை எழுத்தைக் கண்டபின் அப்பெருமை குறைந்துவிட்டது.

ஒல்லாந்தர் காலத்தில் அப்பதிவின்றி விவாகம் செல்லுபடியாவதும், பிள்ளைக்கு முதுசொம் சேர்வதும், அரச உத்தியோகம் கிடைப்பதும் அரிதாயின. ஆதலால் கத்தோலிக்கரும் சைவரும் சீர்திருத்தச் சபையின் நீரைத் தலையில் ஏற்றுப் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தம் பழைய வழிபாட்டைத் தொடர்ந்தனர். தோம்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். கத்தோலிக்க குருமார் தடைசெய்யப்பட்டிருந்த அந்நாட்களில், 1687இல் இலங்கைக்கு வந்த யோசேவாஸ் அடிகள் மாறுவேடத்தில் ஊரூராகச் சென்றார் என்பது நேயர்கள் அறிந்ததே. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் என்பதை நாம் இன்று பிழை என்கிறோம். அன்று அது பிழைக்கும் வழியாயிருந்தது.

ஆங்கிலேயர் 1795இல் மன்னாரைப் பெற்றனர். சமயத்தைச் சாராத பிறப்பு இறப்புப் பதிவை அவர்கள் 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் நாடெங்கும் நிறுவினர். பதிவாளரின் பிரிவில் எது நிகழ்ந்ததோ அது அப்பிரிவிற் பதியப்படும். பெற்றோரின் ஊர் எதுவாயினும் ஆகுக. இந்தச் சிறு விதியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும். இன்று நடைமுறையிலிருப்பது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். பெயரின்றிப் பதிந்த பிறப்புக்குப் பின்னர்ப் பெயர் சேர்க்கவும், பதிந்த பெயரை மாற்றவும் அது வழி வைத்திருக்கிறது. பிள்ளை பிறந்தவுடன் பதிந்துவிட்டு, பெயரை முப்பத்தொன்றுக்கோ ஞானஸ்நானத்துக்கோ விட்டுவைத்து, பிறகு மறந்துபோன குடும்பங்கள் இங்கே குறைவல்ல.

ஆங்கிலேயர் கொணர்ந்த பெருஞ்சிக்கல் எழுத்துக்கூட்டல். நம் பதிவு தமிழில், கந்தோர் ஆங்கிலத்தில். சந்தியாம்பிள்ளை என்னும் பெயரில் உள்ள 'தி'க்கு ஒரு லிகிதர் 'டி' மட்டும் போடுவார், மற்றவர் 'டி'யோடு 'எச்' சேர்ப்பார், மூன்றாமவர் பிள்ளையைப் பிரித்து எழுதுவார். தமிழர் தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைப்பவர். ஆங்கிலப் படிவமோ குடும்பப் பெயரை வேறாகக் கேட்கும். விளைவாகத் தந்தை ஓரிடத்தில் மகனாகவும், மகன் ஓரிடத்தில் தந்தையாகவும் ஆனதுண்டு.

பெயரின் ஓர் எழுத்து எவ்வளவு பெறும் என்பதைத் தலைமன்னார்த் துறை கண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள் கோப்பித் தோட்டங்களுக்குப் போயினர். வழியில் மாண்டவர் மிகப் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தோருக்கு இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டினர். தோட்டத்துச் செக்றோலில் பெயர் கங்காணியின் வாய்ப்படியும் கணக்கப்பிள்ளையின் கைப்படியும் ஏறிற்று. இராமசாமிகளும் மீனாட்சிகளும் ஒரே பக்கத்தில் பலர் இருப்பர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்று காட்டு என்றபோது, பதிவே இல்லாதவர்களும், பதிவில் வேறு பெயர் கொண்டவர்களும் என் செய்வர்? 1964 ஒக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல், அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்துக்கு ஓடியது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் அவ்வழியே சென்றனர். கப்பலடியில் கட்டியழுதவர்களைப் பற்றி என் தந்தையார் கூறக் கேட்டிருக்கிறேன்.

இனிச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வருவோம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் 1928இல் தோன்றியது; இன்றைக்கும் அடிப்படையாயுள்ள மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத்தது. அனுமதிப்பத்திரத்தின் நோக்கம் ஒருவருக்கு வாகனம் ஓட்டத் தெரியும் என்று காட்டுவதே. அவர் இன்னார் என்று நிறுவுவது அதன் வேலையன்று. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தால் 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதன்பின் அனுமதிப்பத்திரம் தன் பெயரை அடையாள அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளலாயிற்று. அடையாள அட்டை தன் பெயரைப் பிறப்புப் பதிவிலிருந்து எடுக்கிறது. பிறப்புப் பதிவு கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. அதற்குப் பாடசாலை இடாப்பும் ஆதாரமாகிறது. மாணவரின் அடையாள அட்டை விண்ணப்பமும் அதிபர் கையாலேயே போகிறது. ஒல்லாந்தர் காலத்து வாத்தியார் வேலை நம்மை விட்டு முற்றாகப் போய்விடவில்லை.

என் மாணவர் விடயத்தில் நடந்தது இதுதான். அவருடைய தாய் தந்தையர் மன்னாரில் எத்தனை முறை தேடியும் பிறப்புப் பதிவு அகப்படவில்லை. என் இடாப்பை வைத்து உத்தேச வயதுச் சான்றிதழும், 2004இல் அடையாள அட்டையும், பின்னர் அனுமதிப்பத்திரமும், விவாகப் பதிவும், இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் ஒன்றன்பின் ஒன்றாக வஸ்தியாம்பிள்ளை என்றே ஆயின. நான்கு ஆண்டுகளுக்கு முன் தாயார் ஏதோ பேச்சில், பிரசவம் கடினமாயிருந்தமையால் வவுனியா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதைக் கூறினாராம். பிறப்பு நிகழ்ந்த பிரிவிலன்றோ பதிவு இருக்கும்! வவுனியாவிலே தேடினார்கள், செபஸ்தியான், 1988 ஆகஸ்ட் 11 என்று அங்கே இருந்தது. தகப்பனார் தம் காணியை உறுதி முடித்தபோது, அப்பதிவைப் பார்த்து, மகன் செபஸ்தியானுக்கு என்று எழுதுவித்தார். தகப்பனார் காலமாகிவிட்டார். இப்பொழுது காணியோ செபஸ்தியானுடையது. அதைக் கோரி நிற்பவரோ எல்லாக் கடதாசிகளிலும் வஸ்தியாம்பிள்ளை.

"அப்ப முதல்லை லைசனை மாத்தினால் போதும்தானே, சேர்? அதுதானே எந்த நாளும் கையிலை கிடக்கிறது" என்றார். இங்கேதான் அவரை நான் தடுத்தேன். பிழையான பெயராயினும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில் ஒரு காவல் உண்டு. 2007இல், இருபது வயதும் நிரம்பாத அவர் லொறியில் உதவியாளாகச் சென்ற காலத்தில், மதவாச்சி வீதியிற் சோதனைச் சாவடிகள் எத்தனை இருந்தன என்பதை எங்கள் பகுதியார் மறக்கமாட்டார்கள். அடையாள அட்டையில் ஒரு பெயரும், பாஸில் வேறொரு பெயரும் இருந்திருப்பின் அவர் வீடு திரும்பியிருப்பார் என்று சொல்ல முடியாது. அன்று அவரைக் காத்தது என் பிழை எல்லாக் கடதாசிகளிலும் மாறாமல் இருந்ததே. இன்று ஒன்றைத் திருத்தி மற்றவற்றை விட்டால், அவர் சட்டத்தின் முன் இரண்டு ஆளாவார்.

ஆதலால் திருத்தம் வேரிலிருந்து வரவேண்டும். பிறப்புப் பதிவின் பிரதி முதலில். இருவரும் ஒருவரே எனச் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி அடுத்தது. பிறகு அடையாள அட்டை. அடையாள அட்டையின் எண்ணோ பிறந்த ஆண்டையும், ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பதையும் கொண்டு அமைவது. நான் போட்ட ஆகஸ்ட் 1க்கும் உண்மையான ஆகஸ்ட் 11க்கும் இடையிலுள்ள பத்து நாட்கள் அந்த எண்ணையே மாற்றிவிடுகின்றன. அந்த எண் அனுமதிப்பத்திரத்திலும் இருக்கிறது. எண்ணும் பெயரும் மாறிய புதிய அடையாள அட்டை கைக்கு வந்த பின்னரே மாவட்டச் செயலகத்திலுள்ள மோட்டார் வாகனப் பிரிவுக்குப் போகவேண்டும். அதுவரை பழைய அனுமதிப்பத்திரமே துணை. நாட்கூலிக்கு ஓட்டும் ஒருவர் இவ்வளவுக்கும் எத்தனை நாள் வண்டியை நிறுத்துவது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானே கணக்கிட்டுப் பார்த்தேன்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். விவாகத்தின் பின் மனைவி கணவன் பெயரைக் கட்டாயம் ஏற்கவேண்டுமென நம் நாட்டில் விதியில்லை. ஆயினும் திருமதி இன்னார் என்னும் வழக்கை நம்பி, கணவன் பெயரோடு அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டு, ஓய்வூதியக் கோவையில் தகப்பன் பெயரோடு நிற்கும் ஆசிரியைகளை நான் அறிவேன். மாற்ற விரும்புவோர் விவாகச் சான்றிதழோடு எல்லாவற்றையும் மாற்றுக. விரும்பாதோர் ஒன்றையும் மாற்றாது விடுக.

இதனினும் பெரிய துயரம் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களுடையது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். வீடும் வள்ளமும் போனதைப் பலர் பேசினர். உறுதிகளும் அத்தாட்சிப் பத்திரங்களும் போனதைப் பிற்காலமே உணர்த்தியது. தகப்பன் மன்னாரில் முகம்மது என்று பதியப்பட்டிருப்பார். புத்தளத்து முகாமிற் பிறந்த மகனின் பதிவில் அவர் மொஹமட் ஆகியிருப்பார். அப்துல் காதர் என்பது ஓரிடத்தில் ஒரு சொல், ஓரிடத்தில் இரண்டு. ஊர் திரும்பிக் காணியைக் கேட்கும்போது அந்த இடைவெளி பெரிதாகிறது. படகேறி இராமேசுவரம் சென்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோ தமிழ்நாட்டு முகாம்களிற் பிறந்து, தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிய சான்றிதழோடு திரும்பியிருக்கிறார்கள். நம் படிவங்கள் அந்த எழுத்தை விரிக்கச் சொல்கின்றன. விரித்தால் சான்றிதழோடு ஒவ்வாது. விரிக்காவிட்டால் படிவம் நிறையாது. போருக்குப் பின் நடந்த நடமாடும் சேவைகளில் மேசையின் இப்புறம் அமர்ந்து இத்தகைய பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பியிருக்கிறேன். அப்பொழுதாவது நான் மெதுவாக எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் மாணவருக்கு நான் செய்யக்கூடியது சிறிது. இடாப்பில் உள்ளதை நானாக அழித்து எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் 1994இல் அப்பதிவை எழுதியவன் நானே என்றும், அத்தாட்சிப் பத்திரம் எதுவும் பாராமல் தாயார் கூறிய வீட்டுப் பெயரை நானே நீட்டி எழுதினேன் என்றும், பிறந்த நாளும் என் உத்தேசமே என்றும் கடிதம் எழுதி, பதவி முத்திரை இட்டுக் கொடுத்தேன். எழுதும்போது கை சிறிது தயங்கியது. முப்பது ஆண்டுப் பணியில் என் பிழையை என் கடிதத் தலைப்பில் எழுதியது அதுவே முதன்முறை.

ஆறு மாதத்தின் பின் புதிய அடையாள அட்டையோடு வந்தார். பழைய அட்டையில் ஆங்கிலம் இருந்ததில்லை; 2017இன் பின் வந்த அட்டையில் மூன்று மொழியிலும் பெயர் இருக்கிறது. அனுமதிப்பத்திர விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். அட்டையிலுள்ள ஆங்கில எழுத்துக்களும் விண்ணப்பத்திலுள்ளவையும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாக இருமுறை வாசித்தேன். வெளியே லொறியில் இருந்த அவர் தாயார், நேரமாகிறது என்று, "வஸ்தி, வஸ்தி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.